மண்ணுக்குப் போகாத கம்பி

சூசைநாதன் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றபோது கமலக்கண்ணன் ஏணியின் உச்சியில் இருந்தான். முத்தியால்பேட்டையில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த மாடிவீடு. கூரைக்குள் விட்டிருந்த குழாயில் ஸ்ப்ரிங்கை நுழைத்து வயரை இழுத்துக்கொண்டிருந்தவன், யாரோ செருமுவது கேட்டுக் கீழே பார்த்தான். வயர் பாதியிலேயே நின்றது. வெள்ளைச் சட்டையும், மடித்துத் தைத்த பழைய பேண்ட்டுமாக, சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவில் கால் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார் சூசைநாதன்.

"எறங்கி வாப்பா. அண்ணாந்து பேசினா கழுத்து நோவுது."

அவர் மகள் ஜூலிக்குக் கல்யாணம். ஐப்பசி கடைசியில். காலையில் மாதா கோயிலில் பூசை, சாயங்காலம் பின்னால் இருக்கும் மைதானத்தில் பந்தல் போட்டு வரவேற்பு. பத்திரிகையைக் கொடுத்த பிறகும் அவர் கிளம்பவில்லை. சுவரில் புதிதாக வெட்டியிருந்த குழியைத் தடவிப் பார்த்தார். "எத்தினி பாயிண்டு?" என்று கேட்டார். பதில் சொன்னதும், அதைக் கேட்காதவர் போல, "உன் கிட்டாரு நல்லாருக்கா?" என்றார்.

"இருக்குண்ணா."

"ஒரு சாயங்காலத்துக்குத் தருவியா? என்னுத வித்து ஒம்போது வருஷமாச்சு. ஜோசப் ஆனந்த் வர்றான் பிரான்ஸ்லேர்ந்து. அவன்தான் ஜூலிக்கு ஞானத்தகப்பன். ரெண்டு பேரும் ஒரே மேடையில வாசிக்கணும்னு ஆசப்படறான்." கொஞ்சம் நிறுத்தி, "அவன்தான் ஆசப்படறான்" என்றார் மறுபடியும்.

அந்த இரண்டு பேரும் ஒரே மேடையில் என்று காதில் விழுந்ததில் கமலக்கண்ணனுக்குக் கையிலிருந்த கொறடு நழுவிவிட்டது.

பேஸ் கிட்டார் என்று ஒரு வாத்தியம் இருப்பதே பதினாலு வயதுவரை அவனுக்குத் தெரியாது. தவளக்குப்பத்துக்குத் தெற்கே மல்லாட்டைக் கடலை பயிரிடுகிற குடும்பம். ஒருமுறை கடலோரத்து ஊர் ஒன்றில் மாதா திருவிழாவுக்குக் கச்சேரி கேட்கப் போனான். முன்னால் இடமில்லாமல் மேடைக்குப் பின்புறம் ஒரு மூங்கில் காலில் சாய்ந்து நின்றான். பாட்டு, வயலின், டிரம்செட் எல்லாம் முன்பக்கமாக ஜனங்களைப் பார்த்துப் போய்விட்டன. ஒன்று மட்டும் மூங்கில் வழியாக முதுகெலும்பில் இறங்கியது. அதைச் சத்தம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. யாரோ வீட்டுக்குள்ளேயே நடப்பது போல இருந்தது. யாருடைய கையிலிருந்து அது வருகிறது என்று கண்டுபிடிக்கச் சுற்றிப் போய்ப் பார்த்தான். ஓரத்தில், வெளிச்சம் சரியாக விழாத இடத்தில், தலையைக் குனிந்தபடி நாலே நாலு தடித்த கம்பிகள் உள்ள கிட்டாரோடு ஒரு ஆள் நின்றிருந்தார். அதுதான் சூசைநாதன். மறுநாள் வேறொரு குழு வந்தது. அதில் ஜோசப் ஆனந்த். இவர் சிரித்துக்கொண்டே வாசிப்பார். விரல் கிட்டாரின் கழுத்தில் மேலும் கீழும் ஓடும். பாட்டுக்குள் இன்னொரு பாட்டு கிளம்பும். இருவரில் யார் பெரியவர் என்று அந்த வயதில் தனக்குள்ளேயே வாதம் செய்துகொண்டு, அவர்கள் வாசிக்கும் ஊர்களுக்கெல்லாம் சைக்கிள் மிதித்தான். ஒருநாளும் இருவரிடமும் பேசியதில்லை. விரல்களைப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டு வந்து, வீட்டில் ஏர்க்காலின் மேல் வாசித்துப் பார்ப்பான்.

வயரிங் வேலைக்கு வந்து நாலு காசு பார்த்ததும் முதலில் வாங்கியது கலைந்துபோன ஒரு கடலூர்க் குழுவின் பழைய பேஸ்தான். அதற்குள் ஜோசப் ஆனந்த் கப்பலேறிவிட்டார். அவருடைய அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். குடியுரிமை இருந்தது, போய்விட்டார். சூசைநாதன் இங்கேயே இருந்தார். கீபோர்டு வாசிப்பவனின் இடது கையே பேஸையும் வாசித்துவிடும் காலம் வந்தபோது அவரைக் கூப்பிடுவது குறைந்தது, பிறகு நின்றது. அச்சகத்தில் பைண்டிங் வேலை. எப்போதோ நெல்லித்தோப்பில் ஒரு வீட்டுக்கு மெயின் போர்டு மாற்றப் போய்க் கதவைத் தட்டிய கமலக்கண்ணன், திறந்தவர் சூசைநாதன் என்று கண்டு, அன்று முழுக்க ஒரு ஆணியைக்கூட நேராக அடிக்கவில்லை.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. கிட்டாரை மூன்றாவது தடவையாக அவன் துடைப்பதைப் பார்த்த மனைவி துர்கா, "பொண்ணு கட்டிக் குடுக்கிறவரே இவ்ளோ பாடுபட மாட்டாரு" என்றாள். புதுக் கம்பி மாட்டியிருந்தான். டி.வி.எஸ். வண்டியில் முன்னால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு போனான்.

மேடையில் ஜோசப் ஆனந்தைப் பார்த்தபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. தன் கிட்டாரை மட்டுமல்லாமல், பேஸுக்கென்றே செய்த கனமான ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் அவர் கொண்டுவந்திருந்தார். இரும்புச் சட்டம் போட்ட கறுப்புப் பெட்டி. இரண்டு கிட்டாரையும் அதிலேயே மாட்டலாம். சூசைநாதன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருமுறை குனிந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"தம்பி, நீ கிட்டவே இரு" என்றார் கமலக்கண்ணனிடம். "நடுவுல கம்பி கிம்பி அறுந்தா மாத்த ஆளு வேணும்."

ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். சூசைநாதனின் பழைய குழுவில் மிச்சமிருந்த ஐந்தாறு பேர், கீபோர்டுக்கு மட்டும் புது ஆள். முதல் பாட்டில் சூசைநாதனின் விரல்கள் இரண்டு இடத்தில் தடுமாறின. ஜோசப் ஆனந்த் அவரைப் பார்க்காமல், அவர் விட்ட இடத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு போனார். இரண்டாவது பாட்டில் தடுமாற்றம் போய்விட்டது. கமலக்கண்ணன் மேடையோரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். பலகை அதிர்ந்தது. தன் கிட்டார்தான் அது, பத்து வருஷமாகத் தன் மடியில் கிடப்பதுதான். ஆனால் அதற்குள் இப்படியொன்று இருப்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.  அப்படிக் கேட்டுக்கொண்டிருந்ததில் ஒரு துளி பொறாமையும் இருந்ததா என்று பிறகு பல தடவை தன்னையே கேட்டுக்கொண்டான்.

மூன்றாவது பாட்டுக்கு நடுவில் தூறல் போட்டது. பந்தல் துணியில் ஒரு மூலை தொய்ந்து நீர் சொட்டத் தொடங்கியது. ஆம்ப்ளிஃபையரின் மேல் விழுந்துவிடப் போகிறதே என்று அதைக் கொஞ்சம் நகர்த்தப் பின்பக்கமாகக் குனிந்தான். அப்போதுதான் வயரைப் பார்த்தான்.

பிரான்ஸ் ப்ளக் நம் ஊர் சுவிட்ச்போர்டில் ஏறாது. அதை வெட்டி எறிந்துவிட்டு, வெறும் வயரை இரண்டு துளையில் சொருகி, விழாமலிருக்கத் தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தார்கள். அது ஊரில் எல்லாரும் செய்வதுதான். அவன் கண் நின்றது பச்சை வயரில். இரும்புப் பெட்டியிலிருந்து மண்ணுக்குப் போக வேண்டிய வயர் அது. அதைத் தனியாக விட வழியில்லாமல், நீல வயரோடு சேர்த்து முறுக்கி ஒரே துளைக்குள் திணித்திருந்தார்கள். பையிலிருந்த டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் இரும்பில் வைத்தான். எரியவில்லை. அந்தத் துளையில் இப்போது இருப்பது ஷாக் அடிக்காத நியூட்ரல். இப்போதைக்கு ஒன்றுமில்லை.

இப்போதைக்கு. தலையைத் தூக்கி மேடைக்குப் பின்னால் பார்த்தான். வேப்பமரத்தடியில் வாடகை ஜெனரேட்டர் நின்றிருந்தது. கரண்ட் போனால் அதிலிருந்து வரும் இரண்டு முனை ப்ளக்கை எடுத்து இதே சுவிட்ச்போர்டில் மாட்டுவார்கள். இப்படியும் மாட்டலாம், திருப்பியும் மாட்டலாம், விளக்கு எரியும். ஆனால் திருப்பி மாட்டிவிட்டால் துளைகள் இடம் மாறும். முழுக் கரண்டும் பச்சை வயரில் ஏறி, இரும்புப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து இரண்டு கிட்டாரின் எட்டுக் கம்பிகளுக்கும் வந்துவிடும். சூசைநாதன் இரண்டாம் குரல் பாடும்போது உதடு மைக்கில் உரசுவதை அவன் பார்த்தான்; கரண்ட் உடம்பு வழியாக இறங்க அது போதும். காலடியில் பலகை ஈரமாகியிருந்தது. பந்தல் விளக்குகள் ஒருமுறை மஞ்சளாகிச் சிறுத்து, மறுபடி வெளுத்தன.

சவுண்ட் சர்வீஸ் ராஜாங்கம் பந்தலின் கோடியில் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கமலக்கண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான்.

"ஜெனரேட்டர்ல கரண்டு வயரு எந்தப் பக்கம்ணே வருது?"

"எந்தப் பக்கம் வந்தா இன்னாபா? லைட்டு எரியுதில்ல?"

"பச்சைய நியூட்ரலோட முறுக்கியிருக்கீங்க. கரண்ட் போயி ஜெனரேட்டர் வந்துச்சுன்னா அவங்க கையில ஷாக்கு அடிக்கும். ஆளே போயிடும். நிறுத்துங்க, ரெண்டு நிமிஷம்."

ராஜாங்கம் அவனைப் பார்க்காமல் ஒரு குமிழைத் திருகினார். "இருவத்தஞ்சு வருஷமா ரேடியோ செட்டு கட்றேன். பாட்டு முடியட்டும், பாக்கறேன்."

மேற்கே கோரிமேட்டுப் பக்கம் வானத்தில் ஒரு கோடு வெட்டியது. விளக்குகள் மறுபடி சிறுத்தன. இந்தத் தடவை உடனே திரும்பவில்லை. ஜெனரேட்டர்காரர் பீடியைப் போட்டுவிட்டு எழுந்து, கைப்பிடியை எடுப்பதைக் கமலக்கண்ணன் பார்த்தான். மேடைக்குத் திரும்பி ஓடினான். "ண்ணா, நிறுத்துங்க!" என்று கத்தினான். டிரம்ஸில் அது கரைந்துபோனது. சூசைநாதன் கண்ணை மூடியிருந்தார். கன்னம் நனைந்திருந்தது, மழையா என்னவென்று தெரியவில்லை. வாய் மைக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கமலக்கண்ணன் வயரைப் பிடித்து இழுத்தான்.

பேஸ் நின்றுவிட்டால் பாட்டு என்னவாகும் என்பது அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பாட்டு அப்படியே இருந்தது. ஆனால் அதற்குக் கீழே தரை இல்லை. பாடிக்கொண்டிருந்த பெண் தடுமாறி நிறுத்தினாள். சூசைநாதன் கம்பியை இரண்டு தடவை சுண்டினார். சத்தமில்லை. கண்ணைத் திறந்து, கையில் வயரோடு மண்டியிட்டிருந்தவனைப் பார்த்தார்.

முறுக்கைப் பிரித்துப் பச்சையைத் தனியாக எடுத்துவிட அவனுக்கு அரை நிமிடம் போதும். அவன் பிரிப்பதற்குள் ராஜாங்கம் மேடையேறி அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார். பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டார் இருவர் வந்தார்கள். அவன் சொல்லிக்கொண்டேயிருந்தான்: கரண்ட் போகும், இப்போது போய்விடும், ஜெனரேட்டர் வரும். எல்லாரும் விளக்கை அண்ணாந்து பார்த்தார்கள். விளக்குகள் பளீரென்று எரிந்தன. ஜெனரேட்டர்காரர் கைப்பிடியை வைத்துவிட்டு மறுபடி பீடி பற்றவைத்தார்.

"பிரான்ஸ்ல, பரீல எத்தினி மேடை பாத்திருக்கு இந்தப் பொட்டி" என்றார் ஜோசப் ஆனந்த். சிரிப்பு போயிருந்தது. கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றினார். "ஃபினி. போதும் சூச. வுட்டுடு."

சூசைநாதன் கமலக்கண்ணனின் கிட்டாரை உறையில் வைத்தார். உறையின் ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினார். பிறகு கிட்டத்தில் வந்து, மற்றவர் காதில் விழாத குரலில் கேட்டார்: "எங்களப் பாத்துத்தானே கத்துக்கிட்ட?"

"ண்ணா, அந்த வயரு..."

"எம் பொண்ணு கல்யாணம்பா இது."

மிச்சக் கச்சேரிக்குக் கீபோர்டுக்காரனின் இடது கை வாசித்தது. பத்து மணிக்குப் பந்தலைப் பிரிக்கும்வரை, அந்த மழையிலும், கரண்ட் ஒரு நொடிகூடப் போகவில்லை.

அந்த வாரம் கமலக்கண்ணன் வேலையில் இரண்டு தடவை தப்பு செய்தான். தனக்குத்தான் அது மனப்பிரமையோ என்ற எண்ணம் வந்து வந்து போனது. ஜெனரேட்டர் ப்ளக் சரியான பக்கமே இருந்திருக்கலாம். பாதிக்குப் பாதி. அந்தப் பாதியை நம்பி விட்டிருக்க வேண்டுமா? டெஸ்டர் எரியாத ஒரு கம்பிக்காக, இரண்டு பேர் இருபது வருஷம் கழித்துச் சந்தித்துச் சேர்ந்து வாசித்ததை அறுத்துப் போட்டுவிட்டான். ஒன்றே ஒன்றுதான் ஆறுதல்: ஜோசப் ஆனந்த் பிரான்சுக்குத் திரும்பும்போது பெட்டியும் அவரோடு போய்விடும். அங்கே அதற்குப் பொருத்தமான ப்ளக் இருக்கும்.

"போயி கால்ல வுழுந்துட்டு வந்துடு" என்றாள் துர்கா, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. "இப்பிடியே மொகத்த வெச்சிக்கிட்டு எத்தினி நாளு சுத்துவ?"

சாயங்காலம் ஐந்தரைக்கு நெல்லித்தோப்பில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினான். சூசைநாதனின் மனைவி வேளாங்கண்ணி திறந்தாள். "வாப்பா" என்றாள், நகர்ந்து வழி விட்டாள். காப்பி கொடுத்தாள்.

"உம் மேல கோவமெல்லாம் இல்ல. ஆனா உம் பேரச் சொன்னா பேச்ச மாத்திடறாரு."

"அண்ணன் எங்கக்கா?"

"கச்சேரிக்குப் போயிருக்காரு." சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது. "கல்யாணத்துல கேட்டவங்க யாரோ கூப்புட்டாங்க. தவளக்குப்பத்துக்கு அந்தாண்ட மஞ்ச நீராட்டு. ஊரு பேரக் கேக்கல. இத்தினி வருஷம் கழிச்சி, நாலு நாளா சின்னப் புள்ளயாட்டம் வூட்டுலயே தட்டிக்கினு இருந்தாரு."

"எந்தக் கிட்டாரு?"

"ஜோசப்பு தம்பி தன்னுதக் குடுத்துட்டுப் போயிட்டாரே. பொட்டியையும். 'இத யாரு தூக்கினு போவா, நீ வெச்சிக்க'ன்னுட்டாரு."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். "அதுக்கு ப்ளக்கு மாத்தினாங்களா?"

"அதெல்லாம் எனக்கு எங்கப்பா தெரியும்? ராஜாங்கந்தான் வண்டி எடுத்துனு வந்து ஏத்திக்கினு போனாரு." யோசித்தவள் போல நிறுத்தினாள். "கெளம்பறப்ப இவரு உள்ள வந்து தீப்பெட்டி ஒண்ணு கேட்டு வாங்கினு போனாரு. எதுக்குன்னு தெரியல. பீடி சிகரெட்டுகூடக் கெடையாது அவருக்கு."

வண்டியைக் கிளப்பும் முன்பே ராஜாங்கத்தின் செல்லுக்கு அடித்தான். மணி போயிற்று. யாரும் எடுக்கவில்லை. அரியாங்குப்பம் பாலத்தில் நிறுத்தி மறுபடி அடித்தான். இரண்டாவது மணியில் அந்தப் பக்கம் வெட்டினார்கள். மூன்றாவது தடவை, தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. சூசைநாதனிடம் செல் கிடையாது. ஆற்றின் மேல் இருட்டு முன்னதாகவே இறங்கியிருந்தது. கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று, சட்டைக்குள் புகுந்து முதுகில் ஒட்டியது. கடலூர் பஸ்கள் உரசிக்கொண்டு போனதெல்லாம் அவன் மனசில் பதியவில்லை. ஈரமாகியிருக்குமா மேடை? பலகையா, மண்ணா? செருப்போடு நிற்பாரா? மேடையில் செருப்பைக் கழற்றிவிடுவது அவர் வழக்கம்.

தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தினான். ஏழு மணிக்குக் கொஞ்சம் குறைவு. நேரே கடலூர். கிழக்கே கடலோர ஊர்களுக்கு ஒரு சாலை, மேற்கே வயல்காட்டு ஊர்களுக்கு ஒன்று. பூக்கடைக்காரம்மாவிடம் கேட்டான்.

"இன்னிக்கு முகூர்த்த நாளு தம்பி. நாலு ஊர்ல மஞ்ச நீராட்டு இருக்குது. யாரு வூட்டுதுன்னு சொல்லு."

யார் வீடு என்று அவனுக்குத் தெரியாது. இன்ஜினை அணைத்தான். ஒரு பஸ் போனது; ஒரு லாரி போனது. இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் அது கேட்டது. பாட்டு கேட்கவில்லை, தாளம் கேட்கவில்லை. பேஸ் மட்டும் மண்ணோடு வந்தது. கீபோர்டு இல்லை. விரல். மெதுவாகத் தொடங்கி, இரண்டு படி இறங்கி, ஒரு படி ஏறி நின்று, மறுபடி இறங்கியது. கல்யாணத்தில் வாசித்ததைவிட நன்றாகவே வாசித்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. கிழக்கே திரும்பினால் கிழக்கே கேட்டது. மேற்கே திரும்பினால் அங்கேயும் கேட்டது.

அப்போது கடைத்தெரு முழுக்க ஒரே மூச்சில் அணைந்தது.

சத்தமும் நின்றது. "போச்சுடா" என்று யாரோ சொன்னார்கள். டீக்கடையில் அடுப்பின் நீலத் தீ மட்டும் தெரிந்தது. எதிரே மருந்துக்கடைக்காரர் சின்ன ஜெனரேட்டரின் கயிற்றைச் சுண்டினார். அது படபடத்துப் பிடித்துக்கொண்டு காதை நிறைத்தது. "அத நிறுத்துங்க! கொஞ்ச நேரம் நிறுத்துங்க!" என்று கமலக்கண்ணன் கத்தினான். அவர் கையைக் காதுக்குப் பக்கத்தில் குவித்து, என்ன என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

மேற்கே, வயல்களுக்கு அப்பால், பனைகளின் அடியில் ஒரு வெளிச்சத் திட்டு இரண்டு முறை துடித்து, பிறகு நிலைத்து எரிந்தது. கமலக்கண்ணன் வண்டியை அந்தப் பக்கம் திருப்பி, மருந்துக்கடை ஜெனரேட்டரின் சத்தம் தேயும் இடம்வரை தள்ளிக்கொண்டு போனான். கால் பெடலில் ஏறிவிட்டது. ஆனால் அழுத்தவில்லை. இன்ஜின் ஓடினால் அடுத்த சுரம் கேட்காது; அது வந்தால்தான் அவர் பிழைத்தார் என்று அர்த்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தையே பார்த்தபடி நின்றான். சாலையின் இருபுறமும் நெற்பயிர் காற்றில் சாய்ந்து எழுந்தது, மறுபடி சாய்ந்தது.